ஜிப்சம் சீலிங்கில் துணிக்கம்பி: பாரம் எங்கே போகிறது?

என் தையல் அறையில் தலைக்கு மேல் ஒரு எவர்சில்வர் கம்பி தொங்குகிறது. 1.8 மீட்டர் நீளம், 25 மி.மீ. குழாய். தைத்து முடித்த கோட்டுகளும் நீளக் கவுன்களும் அதில்தான் வரிசையாக மாட்டியிருக்கும். வருகிறவர்கள் துணியைப் பார்க்கிறார்களோ இல்லையோ, அண்ணாந்து பார்த்து, "இது ஜிப்சம் சீலிங்தானே, எப்படிங்க தாங்குது?" என்று கேட்டுவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு விளக்குவதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

சுருக்கமான பதில், ஜிப்சம் எதையும் தாங்கவில்லை என்பதுதான். அந்தப் பலகையே வேறு எதிலோ தொங்கிக்கொண்டிருக்கிறது. அது எதில் தொங்குகிறது என்று தேடிப் பிடித்து, கம்பியையும் அங்கேயே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நடுவில் இருக்கும் பலகையை ஒரு திரைச்சீலை என்று நினைத்துக்கொண்டு வேலை செய்தால் பாதி தவறுகள் நடக்காது.

ஜிப்சம் பலகை என்பது இரண்டு கெட்டித் தாள்களுக்கு நடுவே இறுகிய ஜிப்சம். வீடுகளில் அதிகம் வருவது 12.5 மி.மீ. கனம். ஒரு சதுர மீட்டர் சுமார் 8 முதல் 10 கிலோ இருக்கும். அந்தத் தன் எடையைத் தாங்குவதற்குத்தான் அதில் சாண் இடைவெளிக்கு ஒரு ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் பெரும்பாலும் இதே ஜிப்சம்தான். சாக்பீஸில் ஒரு ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு இழுத்துப் பாருங்கள், சீலிங்கில் என்ன ஆகும் என்பது புரிந்துவிடும்.

"சுவரில் இதே பலகையில் அலமாரி மாட்டியிருக்கிறோமே, அது நிற்கிறதே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சுவரில் பாரம் ஸ்க்ரூவைக் கீழ்நோக்கி அழுத்துகிறது, துளையின் விளிம்பு அதைத் தாங்கிக்கொள்கிறது. சீலிங்கில் பாரம் ஸ்க்ரூவை நேராக உருவப் பார்க்கிறது. ஸ்க்ரூவுக்காகத் துளையில் செருகும் பிளாஸ்டிக் பிளக், ஸ்க்ரூ இறங்கும்போது துளைக்குள் விரிந்து, உரசலால்தான் பிடித்துக்கொள்கிறது. செங்கல்லோ காங்கிரீட்டோ என்றால் அந்த அழுத்தத்துக்கு எதிர்த்து நிற்கும். ஜிப்சம் பொடிந்து வழிவிட்டுவிடும். அதுவும் உடனே நடக்காது. மாட்டிய அன்று கெட்டியாகத்தான் இருக்கும். பாரம் இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்க, துளை கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். ஈரமான அறை என்றால் இன்னும் சீக்கிரம். அப்புறம் ஒருநாள் யாரோ ஒரு ஹேங்கரைச் சற்று வேகமாக இழுக்கும்போது மொத்தமும் கீழே வரும். பிளக் பாக்கெட்டின் மேல் போட்டிருக்கும் கிலோ கணக்கைப் பார்க்கும்போது, அது சுவருக்கா சீலிங்குக்கா என்று பொடி எழுத்தில் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் சுவருக்குத்தான் இருக்கும்.

ஸ்பிரிங் வைத்த பட்டர்ஃபிளை போல்ட் என்று ஒன்று உண்டு. இரண்டு இறக்கைகளையும் மடக்கித் துளைக்குள் விட்டால் மேலே போய் விரிந்துகொள்ளும், பலகையின் முதுகில் உட்கார்ந்து பாரத்தைப் பரப்பும். பிளக்கைவிட எவ்வளவோ மேல். புகை அலாரம், லேசான திரைச்சீலை, அலங்காரத் தோரணம் போன்றவற்றுக்கு நானே அதைத்தான் சொல்வேன். துணிக்கம்பிக்குச் சொல்லமாட்டேன். இறக்கை விரிந்து பிடித்தாலும் அது பிடித்திருப்பது பலகையைத்தான். அந்தப் பலகையைப் பிடித்திருப்பவை நாலு சின்ன ஸ்க்ரூக்கள். பாரம் ஒரு படி மேலே தள்ளிப்போனதே தவிர, சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு தொல்லையும் உண்டு. போல்ட்டை ஒருமுறை முழுதாகக் கழற்றினால் இறக்கை உள்ளே விழுந்து போய்விடும். திரும்ப எடுக்க முடியாது.

சரி, துணி எவ்வளவுதான் கனம்? ஊகிக்க வேண்டாம். பெட்டி எடைபோடும் சின்ன தொங்கு தராசு இருந்தால் ஹேங்கரோடு மாட்டிப் பாருங்கள். சாதாரணச் சட்டை ஹேங்கருடன் 300 முதல் 400 கிராம். ஜீன்ஸ் முக்கால் கிலோவை ஒட்டி வரும். லைனிங் கொடுத்த நீளக் கோட்டு ஒன்றரை கிலோவைத் தாண்டும், கனமான துணி என்றால் இரண்டு கிலோகூட. ஒரு கோட்டு கம்பியில் 7 செ.மீ. இடம் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் 1.8 மீட்டரில் 25 கோட்டுகள் அடங்கும். ஒன்று சராசரி 1.6 கிலோ என்றால் மொத்தம் 40 கிலோ. என் கம்பி எப்போதும் நிரம்பியே இருப்பதில்லை. ஆனால் கணக்கை நிரம்பிய கம்பிக்குத்தான் போட வேண்டும், ஏனென்றால் வெற்றுக் கம்பியைப் பார்த்தால் யாருக்கும் மாட்டத்தான் தோன்றும். துவைத்த துணி உலர்த்துவதற்கு என்றால் கணக்கே வேறு. மெஷினில் பிழிந்து எடுத்த பருத்தித் துணியிலும், அதன் உலர்ந்த எடையில் பாதி அளவுக்காவது தண்ணீர் மிச்சமிருக்கும். கையால் பிழிந்தது அதைவிட அதிகம்.

இனி கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். கடையில் விற்கும் கம்பி செட்டில் இரண்டு முனைகளுக்கும் இரண்டு பிராக்கெட், நடுவுக்கு ஒன்று என மூன்று இருக்கும். நடுவில் இருப்பது சும்மா ஒரு துணைக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முனைகள் இரண்டையும் நல்ல இடம் பார்த்துக் கெட்டியாக மாட்டிவிட்டு, நடுவில் இருப்பதை எங்கே வருகிறதோ அங்கே ஒரு பிளக் போட்டு முடித்துவிடுவார்கள். நடப்பது நேர்மாறு. ஒரே நீளக் கம்பி, மூன்று தாங்கல்கள் ஒரே மட்டத்தில், நடுவில் இருப்பது சரிபாதியில், துணி சீராகப் பரவியிருக்கிறது என்றால், மொத்த எடையில் எட்டில் ஐந்து பங்கு நடு பிராக்கெட்டில் இறங்கும். மீதிதான் இரு முனைகளுக்கும். 40 கிலோவில் நடுவுக்கு 25 கிலோ, முனைக்கு ஏழரை ஏழரை. நடு பிராக்கெட்டே இல்லாமல் இருந்திருந்தால் முனைக்கு 20 கிலோதான் வந்திருக்கும் என்பதையும் பாருங்கள். துணைக்கு என்று வைத்தது எல்லோரையும்விட அதிகம் சுமக்கிறது. ஆகவே பலமான இடம் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் அதை நடுவுக்குக் கொடுங்கள்.

அப்படியானால் நடுவில் இருப்பதையே விட்டுவிடலாமா என்றால், கம்பி தொய்ந்துவிடும். 25 மி.மீ. விட்டம், 1.2 மி.மீ. சுவர் கனம் உள்ள எஃகுக் குழாய், 1.8 மீட்டருக்கு நடுவில் தாங்கல் இல்லாமல் 40 கிலோ சுமந்தால் நடுவில் சுமார் 23 மி.மீ. இறங்கும். ஹேங்கர்கள் எல்லாம் வழுக்கிக்கொண்டு நடுவில் வந்து குவியும். நடுவில் ஒரு தாங்கல் கொடுத்தால் அதே இறக்கம் ஒரு மி.மீ.கூட வராது. தாங்கல் இடைவெளி இருமடங்கானால் தொய்வு 16 மடங்காகும் என்பது கணக்கு. அலுமினியக் குழாய் பளபளவென்று லேசாக இருக்கிறது என்று வாங்காதீர்கள். அதே அளவில் எஃகைவிட மூன்று மடங்கு வளையும்.

அடுத்தது, பலகைக்கு மேலே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. பொதுவாக இரண்டு வகை. ஒன்று, மரக் குறுக்குக் கட்டைகளில் நேராக ஸ்க்ரூ போட்டு ஒட்டிய சீலிங். இன்னொன்று, காங்கிரீட் தளத்துக்குக் கீழே ஓரடியோ அரையடியோ விட்டு, மெல்லிய தகரச் சேனல்களில் தொங்கவிட்ட ஃபால்ஸ் சீலிங். விரல் முட்டியால் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, எங்கே தட்டினாலும் டொக் டொக் என்றுதான் கேட்கிறது.

எனக்குப் பிடித்த வழி சீலிங் விளக்கு வழியாகப் பார்ப்பது. பதிக்கப்பட்ட வட்ட எல்.இ.டி. விளக்கு இருந்தால், முதலில் மெயினை அணைத்துவிட்டு விளக்கின் விளிம்பைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுங்கள். பக்கவாட்டில் இரண்டு ஸ்பிரிங் கிளிப்கள்தான் அதைப் பிடித்திருக்கும். இழுக்கும்போது அவை படக்கென்று மடங்கி விரலைக் கவ்வும், கவனம். விளக்கு வயரோடு தொங்க, அந்த ஓட்டைக்குள் ஃபோனை டார்ச் எரியவிட்டு வீடியோ எடுத்தபடி ஒரு சுற்றுச் சுற்றினால் மேலே உள்ளது எல்லாம் பதிவாகிவிடும். என் அறையில் அப்படித்தான் பார்த்தேன். 20 செ.மீ. உயரத்தில் காங்கிரீட் தளம், அதிலிருந்து இறங்கும் தகரப் பட்டைகள், அவற்றில் தொங்கும் சேனல்கள், ஒரு ஓரத்தில் மூன்று மின்குழாய்கள் சேர்ந்து போவது, சீலிங் போட்டவர் மறந்துவிட்டுப் போன ஒரு கையுறை. அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் எங்கே துளை போடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் மரக்கட்டை வகையைச் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். அக்கா வீட்டு மாடி அறை அப்படிப்பட்டது. அங்கே கம்பி மாட்டப் போனபோது அத்தான், "நாலு பிளக் அடிச்சா போச்சு, எதுக்கும்மா இவ்வளவு பாடு?" என்றார். தனி ஆளாகப் பேசிக்கொண்டே இருக்கட்டும் என்று அவரையே ஏணியைப் பிடிக்க வைத்துவிட்டேன்.

கட்டைகள் நடுவுக்கு நடு 40 செ.மீ. அல்லது 60 செ.மீ. இடைவெளியில் இருப்பதுதான் வழக்கம். கண்டுபிடிக்க ஒரு சின்ன, சக்தியுள்ள காந்தம் போதும். நூலில் கட்டி சீலிங்கை ஒட்டி மெல்ல நகர்த்தினால் பூச்சுக்குள் மறைந்திருக்கும் ஸ்க்ரூத் தலைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் புள்ளி வையுங்கள். புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் வரிசைகட்டினால் அதுதான் கட்டை. உறுதிசெய்ய, பிராக்கெட்டின் தட்டு மறைக்கும் இடமாகப் பார்த்து 2 மி.மீ. பிட்டால் துளைத்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி வந்தபின் பிட் சட்டென்று உள்ளே விழுந்தால் வெற்றிடம். வெள்ளைப் பொடிக்கு அப்புறம் எதிர்ப்பு கூடி, பிட்டில் மரத்தூள் சுருண்டு வந்தால் கட்டை. கட்டையின் அகலம் நாலைந்து செ.மீ.தான். அதன் இரண்டு ஓரத்தையும் இப்படிக் கண்டுபிடித்து நடுவில் ஸ்க்ரூ போட வேண்டும். ஓரத்தில் போட்டால் மரம் பிளந்துகொள்ளும்.

ஸ்க்ரூ 5 மி.மீ. கனத்தில் 60 மி.மீ. நீளம் இருக்கட்டும். பலகையின் 12.5 மி.மீ. போக, மரத்துக்குள் 45 மி.மீ. இறங்கும். முதலில் 3 மி.மீ. பிட்டால் வழித்துளை போட்டுவிட்டு முறுக்குங்கள். செட்டோடு வரும் குட்டை ஸ்க்ரூக்களைத் தூக்கி வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், அவற்றின் நீளத்தில் பாதி ஜிப்சத்திலேயே தீர்ந்துவிடும். கறுப்பு நிற ஜிப்சம் ஸ்க்ரூவும் வேண்டாம். அது பதம் ஏற்றி இறுக்கிய எஃகு. வளையாது, பக்கவாட்டு அதிர்ச்சியில் தலை முறிந்துவிடும்.

கம்பி கட்டைகளுக்குக் குறுக்காகப் போனால் பிராக்கெட் வைக்க இடம் கிடைத்துக்கொண்டே இருக்கும், கம்பியைச் சற்று அப்படி இப்படி நகர்த்தினால் போதும். அக்கா வீட்டில் கட்டைகளுக்கு இணையாக, அதுவும் சரியாக இரண்டு கட்டைகளின் நடுவில் வேண்டும் என்றார்கள். அலமாரிக் கதவு திறக்க வேண்டுமாம். அப்போது ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் ஒரு பட்டை போட வேண்டியதாயிற்று. 10 செ.மீ. அகலம், 18 மி.மீ. கனம் உள்ள ப்ளைவுட் பட்டை, சீலிங்குக்கு வெளியே, இரண்டு கட்டைகளையும் இணைக்கிற மாதிரி. இரண்டு முனைகளிலும் இரண்டிரண்டு 80 மி.மீ. ஸ்க்ரூ கட்டைக்குள் போகும். பட்டையின் நடுவில் பிராக்கெட் வரும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டையைக் கட்டையில் பலமாக மாட்டிவிட்டு, பிராக்கெட்டை 18 மி.மீ. ப்ளைவுட்டில் குட்டை ஸ்க்ரூவால் மாட்டினால் பழைய கதைதான். பட்டையை மேலே ஏற்றுவதற்கு முன்பே அதன் பின்பக்கத்திலிருந்து போல்ட் விட்டு, தலை உள்ளே பதிந்து மட்டமாக இருக்கும்படி குடைந்துவிடுங்கள். போல்ட்டின் நுனி கீழே நீட்டிக்கொண்டிருக்கும். பிராக்கெட்டை அதில் கோத்து வாஷரும் நட்டும் போட்டால் உருவிக்கொண்டு வர வழியே இல்லை. பட்டைக்கு சீலிங் நிறமே அடித்துவிட்டோம், அக்காவே தேடித்தான் கண்டுபிடிக்கிறாள்.

இப்போது ஃபால்ஸ் சீலிங். "தகரச் சேனலிலேயே ஸ்க்ரூ போட்டுவிடலாமே, அது இரும்புதானே" என்று தோன்றும். அந்தச் சேனலின் தகடு அரை மி.மீ. கனம்தான் வரும். ஸ்க்ரூவின் ஒரு சுற்று மரைகூட அதில் முழுதாகப் பிடிக்காது. தவிர, சேனல்களைத் தளத்தோடு இணைக்கும் பட்டைகள் சீலிங்கின் சொந்த எடைக்காகப் போட்டவை. அதில் 25 கிலோவை ஒரே புள்ளியில் தொங்கவிட்டால், கம்பி விழாவிட்டாலும் சீலிங் அந்த இடத்தில் குழிந்து, மூட்டுகளில் விரிசல் ஓடும். எனவே தகரத்தையும் தாண்டி, காங்கிரீட் தளத்துக்கே போக வேண்டும்.

நான் செய்தது இப்படி. பலகையில் துளை, அதற்கு நேர் மேலே தளத்தில் ஆங்கர் (துளைக்குள் விரிந்து பிடிக்கும் உலோகப் பிடி), ஆங்கரிலிருந்து 8 மி.மீ. த்ரெட் ராடு (நீளம் முழுக்க மரை உள்ள கம்பி) இறங்கி, பலகைத் துளை வழியாக வந்து பிராக்கெட்டைப் பிடித்துக்கொள்கிறது. தளத்தில் போட்டது உள்மரை கொண்ட டிராப்-இன் ஆங்கர். 8 மி.மீ. ராடுக்கான ஆங்கருக்கு 10 மி.மீ. துளை, 30 மி.மீ. ஆழம். ஆங்கரை உள்ளே தள்ளி, அதற்கென்று உள்ள குத்தூசியை வைத்துச் சுத்தியலால் அடித்தால் உள்ளிருக்கும் ஆப்பு இறங்கி ஆங்கர் விரிந்து பிடித்துக்கொள்ளும். குத்தூசியின் தோள் ஆங்கரின் விளிம்பில் போய் முட்டும்வரை அடிக்க வேண்டும். அதுவரை அடிக்காத ஆங்கர் பிடித்த மாதிரி இருக்கும், பிடித்திருக்காது. தலைக்கு மேலே தொங்கும் பாரத்துக்குப் பிளாஸ்டிக் பிளக்கைவிட உலோக ஆங்கரைத்தான் நம்புகிறேன்.

துளை போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில. தளத்துக்குள் மின்குழாய்கள் புதைந்திருக்கும். ஃபேன் பெட்டியிலிருந்தும் விளக்குப் புள்ளியிலிருந்தும் சுவிட்ச் இருக்கும் சுவரை நோக்கி அவை போவது வழக்கம், அந்தப் பாதையில் துளையே போடாதீர்கள். உலோகமும் மின்சாரமும் காட்டும் டிடெக்டர் கிடைத்தால் நல்லது. உள்ளே எஃகுக் கம்பிகளை இழுத்து இறுக்கிவைத்துக் கட்டிய தளம் என்று கட்டடத்தின் பொறியாளர் சொன்னால், அவர் காட்டும் இடத்தைத் தவிர வேறெங்கும் கை வைக்கக் கூடாது. அந்தக் கம்பி ஒன்று அறுந்தால் விஷயம் துணிக்கம்பியோடு நிற்காது. துளைக்கும்போது பிட் திடீரென்று முன்னேறாமல் நின்று கிறீச்சிட்டால் இரும்புக் கம்பியில் பட்டிருக்கிறது. அழுத்த வேண்டாம், நாலைந்து செ.மீ. தள்ளிப் போடுங்கள். அதே மாதிரி, தளத்தின் அடியில் சிமெண்ட் பூச்சு இருந்தால் அந்தப் பூச்சின் கனத்தை 30 மி.மீ.யில் சேர்க்கக் கூடாது. பிட் சுலபமாக இறங்கும்வரை பூச்சு, கை அதிர ஆரம்பித்த இடத்திலிருந்துதான் காங்கிரீட்.

தூசி பற்றிச் சொல்லாவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் என்னைத் திட்டுவார்கள். ஒரு பழைய பிளாஸ்டிக் கிண்ணத்தின் அடியில் ஓட்டை போட்டு, பிட்டை அதன் வழியாக விட்டு, கிண்ணத்தின் வாய் மேலே பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டால் ஜிப்சம் பொடியில் பெரும்பங்கு அதிலேயே விழும். காங்கிரீட் பொடி பலகைக்கு மேலேயே தங்கிவிடும், பரவாயில்லை. கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் அண்ணாந்து துளை போட வேண்டாம். துணிகளை முன்பே வேறு அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். கறுப்பு கம்பளித் துணியில் ஜிப்சம் பொடி விழுந்தால் என்ன பாடு என்பது தைக்கிறவர்களுக்குத் தெரியும். இன்னொன்று, பழைய கட்டடத்தில் சொரசொரப்பான பூச்சுள்ள சீலிங் என்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. சோதித்துப் பார்க்காமல் துளைக்கவே கூடாது.

பலகையில் போட்ட துளை 10 மி.மீ. போதாது. அதில் நான் 25 மி.மீ. துளை போட்டேன், ஏனென்றால் ராடைச் சுற்றி ஒரு எஃகுக் குழாய்த் துண்டு போக வேண்டும். அந்தத் துண்டின் மேல்முனை தளத்தில் முட்டும், கீழ்முனை பலகையைவிட ஓரிரு மி.மீ. கீழே நீட்டியிருக்கும். அடியிலிருந்து வாஷரும் நட்டும் போட்டு முறுக்கும்போது இறுக்கம் முழுவதும் குழாய்க்கும் தளத்துக்கும் இடையில் விழுகிறது. பலகை அந்தச் சண்டையில் கலந்துகொள்வதில்லை. குழாய் இல்லாமல் நட்டை இறுக்கினால் பலகை மேல்நோக்கி வளைந்து, துளையைச் சுற்றித் தாள் கிழியும். எல்லாத் துண்டுகளையும் ஒரே நீளத்துக்கு வெட்டாதீர்கள். தளம் எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. ஒவ்வொரு துளையிலும் தனித்தனியாக அளந்து வெட்டினேன். ராடு கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அறுத்த முனையில் மரை நசுங்கிப்போகும் என்பதால், அறுப்பதற்கு முன்பே ஒரு நட்டை ஏற்றிவைத்து, அறுத்தபின் அதை வெளியே சுழற்றி எடுத்தால் மரை நேராகிவிடும்.

நேர் கீழே இழுக்கும் பாரம் இப்படித் தீர்ந்தது. ஆட்டம்தான் அடுத்த பிரச்சினை. துணியை யாரும் நேர் கீழே இழுப்பதில்லை. ஹேங்கர்களை ஒரு பக்கமாகத் தள்ளுகிறோம், நடுவில் ஒன்றை உருவுகிறோம். சீலிங்கிலிருந்து 30 செ.மீ. கீழே தொங்கும் கம்பியை 5 கிலோ விசையோடு பக்கவாட்டில் தள்ளினால், பிராக்கெட் ஒரு நெம்புகோலாக மாறிவிடும். அதன் வட்டத் தட்டில் ஒரு ஓரத்தை ஊன்றி, 5 செ.மீ. தள்ளி இருக்கும் எதிர் ஓர ஸ்க்ரூவை 30 கிலோ விசையோடு உருவப் பார்க்கும். லேசாகத் தள்ளியதுதான், ஆறு மடங்காகிவிட்டது. சீலிங்கில் மாட்டிய கம்பிகள் பல, எடை தாங்காமல் விழுவதைவிட இந்த ஆட்டத்தில் தளர்ந்துதான் விழுகின்றன என்று நினைக்கிறேன்.

இதற்கு நான் கண்ட சுலபமான வழி, கம்பியின் ஒரு முனையைச் சுவரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. செங்கல் சுவரில் ஒரு வட்டக் கிண்ணி, சாதாரண பிளக்கும் ஸ்க்ரூவும். கம்பியின் முனை அதற்குள் நுழைந்து நிற்க, பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி அதைப் பிடித்துக்கொள்கிறது. நீளவாக்கில் தள்ளினாலும் இழுத்தாலும் சுவர் வாங்கிக்கொள்ளும். அங்கே செங்குத்துப் பாரமும் ஏழரை கிலோதான். இதனால் தளத்தில் போட வேண்டிய துளையும் ஒன்று குறைந்தது. அறையின் அகலம் இடம் கொடுத்தால் இரண்டு முனைகளையும் இரண்டு சுவர்களில் ஊன்றிவிட்டு, நடுவில் மட்டும் தளத்திலிருந்து ஒரு ராடு இறக்கலாம். என்னைக் கேட்டால் அதுதான் உத்தமம். சுவரே எட்டாத இடத்தில், அறையின் நடுவில் கம்பி வேண்டும் என்பவர்கள் தொங்கும் நீளத்தைக் குறையுங்கள், 30 செ.மீ. பதிலாக 10 செ.மீ. என்றால் நெம்பும் விசையும் மூன்றில் ஒன்றாகிவிடும். ஹேங்கரின் கொக்கி ஏறி இறங்கக் கம்பிக்கு மேல் நாலைந்து செ.மீ. இடைவெளி போதும்.

எல்லாம் மாட்டியபின் துணியை ஏற்றுவதற்கு முன் தண்ணீரை ஏற்றிப் பாருங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் இதைவிட நேர்மையான எடைக்கல் வேறில்லை. நடு பிராக்கெட்டை ஒட்டி, அதன் இரு பக்கமும் வாளிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, அதற்கு வரவேண்டிய பாரத்தைப் போல இருமடங்கு, அதாவது 50 லிட்டர் வரும்வரை மெல்ல நிரப்புங்கள். வாளிகள் தரையிலிருந்து ஒரு விரல்கடை உயரத்தில் மட்டும் தொங்கட்டும். அறுந்தாலும் அங்கேயே உட்கார்ந்துவிடும். ஏற்றுவதற்கு முன் சீலிங்கிலிருந்து கம்பி எவ்வளவு கீழே இருக்கிறது என்று டேப்பால் அளந்து சுவரில் எழுதிவைத்து, மறுநாள் காலையில் வாளிகளோடு ஒருமுறை, இறக்கியபின் ஒருமுறை அளக்க வேண்டும். பாரத்தோடு ஓரிரு மி.மீ. இறங்கியிருந்து, இறக்கியதும் பழைய அளவுக்கே திரும்பினால் கவலையில்லை. திரும்பாமல் அங்கேயே நின்றுவிட்டால் ஏதோ ஒன்று நழுவிக்கொண்டிருக்கிறது, கழற்றிப் பார்க்க வேண்டும்.

என் தம்பி இந்தச் சோதனையைப் பார்த்துவிட்டு, தானே தொங்கிக் காட்டுவதாகச் சொன்னான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மனிதர் தொங்கும்போது ஆடுகிறார், குதிக்கிறார், எவ்வளவு விசை போகிறது என்று கணக்கு வைக்க முடியாது. உடற்பயிற்சிக்குத் தொங்க வேண்டும் என்றால் அதற்கென்று ஆங்கரும் கம்பியும் கனமாகப் போட வேண்டும். துணிக்கம்பி துணிக்குத்தான்.

வாடகை வீடு, துளை போட உரிமையாளர் சம்மதிக்கமாட்டார், மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் வழியில்லை என்றால் சீலிங்கை விட்டுவிட்டுத் தரையில் நிற்கும் ஸ்டாண்டு வாங்கிவிடுங்கள். தரைக்கும் சீலிங்குக்கும் நடுவே ஸ்பிரிங்கால் அழுத்தி நிறுத்தும் கம்பங்களும் கிடைக்கின்றன. அவையும் ஜிப்சம் பலகையை மேல்நோக்கிக் குத்தித்தான் நிற்கின்றன, அதனால் கட்டைக்கோ சேனலுக்கோ நேர் கீழே அகலமான ஒரு தட்டு கொடுத்து நிறுத்தினால்தான் பலகை உடையாது.

மாட்டி முடித்தவர்கள் ஒவ்வொரு ராடிலும் நட்டுக்குக் கீழே இன்னொரு நட்டைப் போட்டு, இரண்டையும் ஒன்றோடொன்று இறுக்கிவிடுங்கள். தினமும் ஹேங்கர் உரசும் அதிர்வில் ஒற்றை நட்டு மெல்லச் சுழன்று இறங்கும். முதல் மாதத்தில் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை. பார்க்கும்போதே பிராக்கெட்டைச் சுற்றிப் புதிதாக மயிரிழை விரிசலோ, நேர் கீழே தரையில் வெள்ளைப் பொடியோ தென்படுகிறதா என்றும் கவனியுங்கள். தென்பட்டால் முதலில் துணியை இறக்கிவிட்டு, அப்புறம் காரணத்தைத் தேடலாம்.